போகாத தீவின் நீலக் கதவு

நான் ஒருநாளும் கால் வைத்திராத ஒரு தீவைப் பற்றி எட்டுப் பக்கத்துக்குப் பயணக் கட்டுரை எழுதி, அதை என் பெயரோடு அச்சிலும் கொண்டுவந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு ஆட்கள் வாயால் நீங்கள் கேள்விப்பட்டால் எனக்கு இன்னும் வெட்கம்.

லண்டனில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் வருடா வருடம் ஒரு மலர் போடும். வாழ்த்துச் செய்திகள் இருபது பக்கம், நகைக்கடை விளம்பரம் முப்பது பக்கம், நடுவில் வெறுமையாகத் தெரியக்கூடாதே என்று இரண்டு மூன்று கட்டுரைகள். சிரிப்பாக எழுதுகிற ஆள் என்று என்மேல் ஒரு முத்திரை உண்டு. மலர்க் குழுக்காரர் தொலைபேசியில் பிடித்தார். "அண்ணை, இந்த முறை ஒரு பயணக் கட்டுரை தாங்கோ. எல்லாரும் கோயிலைப் பற்றியே எழுதீனம்." நான் கவுன்சில் கந்தோரில் வேலை செய்பவன். கிங்ஸ்பரியில் ஏறி வெம்பிளியில் இறங்குவதுதான் என் பயண அனுபவம். ஆனாலும் இல்லை என்று சொல்லத் தெரியாமல் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டு ஹீட்டிங் வேலை செய்யவில்லை. சூட்டுக்காக நூலகத்தில் போய் இருந்தேன். கைக்குக் கிடைத்த புத்தகம், கனேரித் தீவுகளில் ஒன்றான ஃபுவெர்த்தெவெந்துராவைப் பற்றியது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்பானியத் தீவு. மழை இல்லை, மரம் இல்லை. மணல், எரிமலைக் கல், ஆடு. புத்தகம் பழையது, அட்டை கழன்றது. ஆனால் விவரம் நிறைய இருந்தது. அதில் ஒரு பந்தி, அந்தச் சனம் தானியத்தை வறுத்து அரைத்து, கோஃபியோ என்ற பெயரில் உருண்டையாகப் பிடித்துத் தின்கிறது என்று சொன்னது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பயறை வறுத்து அரைத்துச் சீனி போட்டுப் பிடித்தால் எங்கள் பயத்தம் உருண்டை. என்ன வித்தியாசம்?

அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டுரையில் நான் அந்தத் தீவின் மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊருக்குப் போனேன். அங்கே ஒரு காற்றாலை. அதற்கு எதிரே ஒரு கடை, அதற்கு நீலக் கதவு. உள்ளே எழுபது வயதுக் கடைக்காரி. நான் கொண்டுபோன பயத்தம் உருண்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட கோஃபியோ அல்லவா!" என்று அவள் ஆச்சரியப்பட்டு, தன் கையால் எனக்கொரு உருண்டை பிடித்துத் தந்தாள். "நீங்கள் எப்போது வந்தாலும் இந்த நீலக் கதவு திறந்திருக்கும்" என்று வழியனுப்பினாள். இந்த வரியை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. ஊரின் பெயர் நினைவில்லை என்று ஒரு வசனம் சேர்த்தேன். அந்தக் கட்டுரையில் புத்தியோடு செய்த ஒரே காரியம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலர் அந்த வருடம் பிந்தி ஆகஸ்டில்தான் வந்தது. 2009. எங்கள் சனத்துக்கு எல்லாமே பிந்திய, அல்லது நின்றுபோன வருடம். வசந்தம் முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் நின்றோம். மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு எங்கே நிற்பதென்று தெரியாமல் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். என் மனைவியின் அண்ணனுடைய மனைவியை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அக்காவின் பக்கத்தில் இரண்டு பேரின் செய்தி இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. அக்கா வேலைக்குப் போனா, சமைத்தா, கேட்டதற்குப் பதில் சொன்னா. சிரிப்பு மட்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர், என் மச்சான், லூயிஷாமிலிருந்து தொலைபேசி எடுத்தார். "உம்மட கட்டுரையை அவ ரெண்டு தரம் வாசிச்சவ. ரெண்டாம் தரம் சிரிச்ச மாதிரிக் கிடந்தது."

எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அந்த நீலக் கதவு மனிசியைப் பார்க்கவேணுமாம். ஒக்டோபருக்கு நாலு பேருக்கும் பதிஞ்சிட்டன். நீர்தான் எங்களுக்கு வழிகாட்டி."

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடம் பாரிஸில் உணவகச் சமையலறைகளில் நின்று, பிறகு லண்டனுக்கு வந்து கடை போட்டவர். பால் போத்தலின் திகதியை இரண்டு தரம் பார்க்கிற ஆள். ஒருதரம் முன்னால் பார்ப்பார், பிறகு யாரும் திகதியை மாற்றி ஒட்டியிருக்கிறார்களோ என்று பார்ப்பார். பாரிஸ் சமையலறையில் கூட வேலை செய்தவர்களிடம் ஸ்பானிய மொழியும் ஓரளவு பொறுக்கிக்கொண்டவர். இப்படி ஒருவரோடு, இல்லாத ஒரு கடையைத் தேடி, அந்த மொழி பேசுகிற தீவுக்கு நான் போகவேண்டும்.

என் மனைவிக்கு நான் அந்தத் தீவுக்குப் போகாதது தெரியும். இருபத்துநாலு வருடமாக நான் எங்கேயும் போகாததற்கு அவள்தான் சாட்சி.

"நான் காட்டிக் குடுக்கமாட்டன். ஆனா பொய்யும் சொல்லமாட்டன்" என்றாள்.

"ரெண்டுக்கும் நடுவில என்ன செய்வீர்?"

"வாய்க்குள்ள ஏதாவது வச்சிருப்பன்."

விடுதியில் சமையலறை உண்டு என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டி முழுக்க ரைஸ் குக்கர், புட்டு மா, மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு. என்னைக் கலக்கியது அதுவல்ல. விமான நிலையத்தில் அக்கா மடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு இருந்தா. பெட்டிக்குள் போட விடவில்லை.

"பயத்தம் உருண்டை" என்றா. "அந்த மனிசிக்கு. போன முறை நீங்கள் குடுத்தது, விருப்பப்பட்டுத் திண்டவ எண்டு எழுதியிருந்தியள். வெறுங்கையோட போறதே?"

மே மாதத்துக்குப் பிறகு அக்கா பலகாரம் என்று செய்தது அதுதான் முதல் தரம் என்று மனைவி பிறகு சொன்னாள். நூலகத்தின் சூட்டில் பிறந்த ஒரு கிழவிக்காக. எனக்கு அப்போதே ஏதோ ஒரு வாசலால் இறங்கி ஓடவேண்டும் போல இருந்தது. என் பெயர் கெட்டால் கெடட்டும், அது அப்படியொன்றும் உயரத்தில் இருக்கவில்லை. ஆனால் அந்த டின்னை அக்கா திரும்ப லண்டனுக்குக் கொண்டுவரக்கூடாது.

தீவில் மூன்றாம் நாள் காலை, வாடகைக் காரில் புறப்பட்டோம். மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில் வழிகாட்டி. "ஊர்ப் பெயர் மறந்தா என்ன? சின்னத் தீவுதானே. மலைக்குள்ள இருக்கிற எல்லா ஊரையும் பார்ப்பம்" என்று மச்சான் முதல் நாளே தீர்ப்பு எழுதியிருந்தார். என் ஒரே புத்தியான வசனத்தின் விலை, தீவு முழுவதும்.

முதலில் வடக்கே மணல் மேடுகள். நான் நாலு தரம் படித்த பாடம் அது. வாய் தானாக ஓடியது. "இந்த வளைவோட மணல் துவங்கும். இடப்பக்கம் கடல், அதுக்குள்ள ஒரு குட்டித் தீவு தெரியும்." துவங்கியது. தெரிந்தது. வெள்ளை மணல், அலை அலையாக, றோட்டின் மேலேயே ஏறிப் படுத்திருந்தது. இறங்கி நின்றால் காற்று ஆளைத் தள்ளியது. மச்சான் சப்பாத்தும் காலுறையும் கழற்றாமல் ஒரு மேட்டில் ஏறிவிட்டு வந்து, ஒவ்வொரு சப்பாத்திலிருந்தும் ஒரு சுண்டு மணல் கொட்டினார்.

பிறகு உள்நாடு. புத்தகம் அதைச் சரியாகச் சொல்லவில்லை. மரமே இல்லாத மலைகள் என்று எழுதியிருந்தது, நானும் அப்படியே எழுதியிருந்தேன். ஆனால் அந்த மலைகள் பழுப்பு, சிவப்பு, செம்பு, ஒரு இடத்தில் கத்தரிப்பூ நிறம் என்று வெயிலுக்கேற்ப மாறிக்கொண்டேயிருந்தன. வயல்களைச் சுற்றி உயரமான மண் வரம்பு கட்டியிருந்தார்கள். என்றோ ஒருநாள் பெய்கிற மழையை ஒரு துளியும் விடாமல் பிடித்து வைக்க. வயல்கள் காய்ந்துதான் கிடந்தன. வரம்புகள் மட்டும் நேற்றுக் கட்டியது போல இருந்தன.

"இதை நீங்கள் எழுதேல்லை" என்றா அக்கா, பின்னாலிருந்து.

"எழுத வரேல்லை அக்கா" என்றேன். அந்த நாளில் நான் சொன்ன முதல் உண்மை.

மலை உச்சியில் ஒரு காட்சி முனை. காரை நிறுத்தினால், எதிரே இரண்டு வெண்கல மனிதர்கள், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். அந்தக் காலத்துத் தீவின் அரசர்களாம். தீவில் பாதி இடத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் போல நின்றார்கள். புத்தகத்தில் அவர்கள் இல்லை. ஆகவே என் கட்டுரையிலும் இல்லை.

மச்சான் சிலைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பால் போத்தலைப் பார்க்கிற அதே பார்வை.

"இவ்வளவு பெரிய ரெண்டு பேர் நிக்கினம். நீர் ஆட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர். இவையளைக் காணேல்லையோ?"

"நான் வரேக்க இருக்கேல்லை."

"ஓ." மனைவியிடம் திரும்பினார். "தங்கச்சி, இவர் எந்த வருசம் இஞ்ச வந்தவர்?"

மனைவியின் வாய்க்குள் புட்டு இருந்தது. எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் கல்லிடுக்கிலிருந்து அணில்கள் வந்து புட்டுப் பெட்டியைச் சூழ்ந்துகொள்ள, மச்சான் அங்கே நின்ற ஒரு தீவுக்காரரிடம் போய் ஏதோ விசாரித்துவிட்டு வந்தார். நான் மலைச்சரிவின் ஆழத்தை ஒரு பார்வை பார்த்து வைத்தேன்.

"புதுசாம்" என்றார். "இப்பதான் கொண்டுவந்து வச்சவங்களாம். பிழை சொல்லேலாது."

பழைய புத்தகத்தை வாங்கி வைத்த நூலகத்துக்கு என் மனமார்ந்த நன்றி. என் பொய்க்கு வயது மட்டுமாவது சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊர்கள். முதல் ஊர்: வெள்ளைத் தேவாலயம், ஒரு நாய், காற்றாலை இல்லை. இரண்டாவது ஊர்: காற்றாலை இருந்தது, எதிரே வெறும் மதில். மூன்றாவது ஊர்: காற்றாலை, எதிரே கடை, கதவு கறுவாப்பட்டை நிறம், உள்ளே தொலைபேசி அட்டை விற்கிற ஒரு பெடியன். ஒவ்வொரு ஊரிலும் அக்கா டின்னோடு இறங்கி, டின்னோடு ஏறினா. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக ஏறினா. நாலாவது ஊரில் இறங்கவில்லை. "நீங்கள் போய்ப் பார்த்துட்டு வாங்கோ" என்றா. அதுவும் இல்லை.

பின்னேரம் நாலு மணி. வரைபடத்தில் ஒரு ஊர்தான் மீதி. நான் மனதுக்குள் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். முதல் வசனம் வந்துவிட்டது. இரண்டாவதில் அக்காவின் முகம் வந்து குறுக்கே நின்றது.

கார் திரும்பியது. காற்றாலை. எதிரே ஒரு கடை. கதவு பச்சை.

"பச்சை" என்றார் மச்சான், நீதிபதி போல. என்ஜினை நிறுத்தினார்.

"மச்சான், நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன்.

"பொறும்." இறங்கி, கதவுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். வெயில் உரித்த பச்சைப் பூச்சு செதிள் செதிளாக நின்றது. ஒரு செதிளை நகத்தால் கிளப்பினார். பால் போத்தல் சீட்டுக்குக் கீழே மாற்றி ஒட்டிய திகதி இருக்கிறதா என்று பார்க்கிற அதே விரல். நெடுநேரம் பார்த்தார்.

"கீழ நீலம்" என்றார். "முந்தி நீலம்தான் போல."

அக்கா காரிலிருந்து இறங்கிவிட்டா.

கதவு திறந்தது. வெளியே வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தா. நான் எழுதிய வயதைவிட ஒரு இருபத்தைந்து வருடம் குறைவு.

"எழுபது எண்டெல்லே எழுதினீர்?" என்றார் மச்சான்.

"மகளாயிருக்கும்."

மச்சான் தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அவர் எதைக் கேட்கப் போகிறார் என்று. என்னைச் சுட்டிக் காட்டினார். ஸ்பானிய மொழியில் ஒரு கேள்வி. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் 'இவரைத் தெரியுமா' என்று எந்த மொழியில் கேட்டாலும் குற்றவாளிக்கு விளங்கும்.

கடைக்காரி என்னைப் பார்த்தா. தலையிலிருந்து கால் வரை, மறுபடி தலை வரை. காற்று நின்றுவிட்டது என்று எழுத ஆசை. அந்தத் தீவில் காற்று எதற்காகவும் நிற்பதில்லை. அக்கா டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா.

"ஸி!" என்றா கடைக்காரி. "ஸி, ஸி, க்ளாரோ!" ஓம், ஓம், தெரியாமலென்ன என்கிற அர்த்தம் முகத்திலேயே இருந்தது. இரண்டு எட்டில் வந்து என்னைத் தோளில் பிடித்து, ஒரு கன்னத்தில் ஒன்று, மற்றக் கன்னத்தில் ஒன்று, சத்தமாக முத்தம் தந்தா. கிங்ஸ்பரியில் ஐம்பது வயதுத் தமிழ் ஆம்பிளைக்கு மனைவியின் முன்னால் இது நடப்பதில்லை. திரும்பிப் பார்த்தேன். மனைவியின் வாய் திறந்தபடி இருந்தது; இந்த முறை உள்ளே ஒன்றும் இல்லை.

அக்கா டின்னைத் திறந்து நீட்டினா. கடைக்காரி ஒரு உருண்டையை எடுத்து மூக்கில் வைத்தா, பாதியைக் கடித்தா.

"கோஃபியோ!"

நான் எழுதிய வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல், நான் எழுதிய இடத்தில், நான் எழுதிய ஆளின் வாயிலிருந்து. அட்டை கழன்ற புத்தகத்தையும் பசித்த மூளையையும் வைத்துக்கொண்டு கிங்ஸ்பரியில் இருந்து ஒருவன் கண்டுபிடித்தது, கடல் தாண்டி இங்கே, உண்மை. தேசம் பிடித்த தளபதிகள் இப்படித்தான் குதிரையில் நிமிர்ந்திருப்பார்கள்.

ஆனால் பயத்தம் உருண்டைக்குள் மிளகு போடுவது எங்கள் வழக்கம். என் கட்டுரையில் மிளகைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைக்காரி இரண்டாம் கடிக்குப் போனதும் மிளகு தன் வேலையைக் காட்டியது. கண் விரிந்தது, முகம் சிவந்தது, ஒரு கையால் வாய்க்கு விசிறிக்கொண்டு, மறு கையால் எங்களையும் கடவுளையும் மாறி மாறிச் சுட்டிக்கொண்டு, காற்றாலைப் பக்கம் ஒரு சுற்று நடந்து வந்தா. வந்து, மிச்சப் பாதியையும் வாய்க்குள் போட்டா.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எனக்கு அது என்னவென்று பிடிபட ஒரு நொடி எடுத்தது. அக்கா சிரித்தா. வாயைப் பொத்தாமல், காரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஐயோ, பாவம், மனிசிக்குத் தண்ணி குடுங்கோவன்!" என்று சொல்லச் சொல்ல மறுபடி சிரித்தா. கடைக்காரி அதைப் பார்த்துச் சிரிக்க, என் மனைவியும் தொடங்கினாள். மச்சான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, காற்றாலையை வெகு கவனமாக ஆராய்ந்தார்.

பிறகு கடைக்காரி எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனா. கடதாசிப் பையிலிருந்து வறுத்த மா, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சீனி. கையாலே பிசைந்து பிடித்துக் காட்டினா. அக்கா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் கையை விலக்கி, உருண்டை உதிராமல் இருக்க எந்த விரலால் அழுத்தவேண்டும் என்று பிடித்துக் காட்டினா. கடைக்காரி திருத்தினா. அக்கா திருப்பித் திருத்தினா. ஒரு பொது வார்த்தைகூட இல்லாமல் இரண்டு பேரும் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டார்கள். திரும்பும்போது டின்னில் பயத்தம் உருண்டை ஒன்றும் இல்லை. அது நிறையக் கோஃபியோ மா இருந்தது. காருக்குள் முதல் ஆளாய் ஏறி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

லண்டனுக்கு வந்து ஒரு மாதத்துக்கு நான் நடந்த நடையைக் கந்தோரில் எல்லோரும் கவனித்தார்கள். அக்கா அந்தக் கதையைத் தொலைபேசியில் எல்லோருக்கும் சொன்னா, மிளகு வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்தா. மலர்க் குழுக்காரர் அடுத்த வருடத்துக்கு இன்னொரு தீவு கேட்டார். எப்போது தருவேன் என்று நான் திகதியும் கொடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லூயிஷாமில் கோயிலுக்குப் போய்விட்டு மச்சான் வீட்டுக்குப் போனோம். பெண்கள் குசினிக்குள். உள்ளே கோஃபியோ மாவில் ஏதோ பரிசோதனை நடந்தது. அக்காவின் குரல் உயர்ந்து கேட்டது. மச்சான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பாலின் திகதியைப் பார்த்துவிட்டுத்தான்.

"அண்டைக்கு நீர் காருக்குள்ள ஏறின பிறகு, அந்த மனிசியிட்ட என்னைத் தெரியுமோ எண்டும் கேட்டனான்" என்றார், குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சினவ. உம்மைவிட என்னை நல்லா ஞாபகமாம்."